640 பேரில் 41-வது இடம்: எந்தக் கல்லூரிகள் எட்டும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் திருப்பிச் சொல்கிறேன். மகள் டெக்சஸில் ஓர் அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். 640 பேர் கொண்ட வகுப்பில் 41-வது இடம், எஸ்ஏடி நுழைவுத் தேர்வில் 1600-க்கு 1540, இதுவரை ஒன்பது ஏபி பாடங்கள் (பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிப்பவை), ரோபாட்டிக்ஸ் அணி, பத்து ஆண்டுகளாக வயலின். கணினி அறிவியல் படிக்க விரும்புகிறாள். குடும்பம் எச்1பி விசாவில் இருக்கிறது, கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறீர்கள். பட்டியலில் ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி, பிரின்ஸ்டன், கார்னெல், கார்னெகி மெலன், பெர்க்லி என்று ஏழு பெயர்கள், "பாதுகாப்புக்கு" ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம். இது நடைமுறைக்கு ஒத்து வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசி வரியில் வேறொன்று இருக்கிறது: "இவ்வளவு படித்தும் இவளுக்கு இடம் கிடைக்காதா?" இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் பதினான்கு ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் கல்லூரி ஆலோசகராக இருந்தவன். அதில் மூன்று குளிர்காலங்கள் ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்காகப் பகுதிநேரமாக விண்ணப்பக் கோப்புகளை வாசித்துக் குறிப்பெழுதும் வேலையும் பார்த்தேன். நான் இருந்த இடத்தில் ஒரு கோப்புக்குக் கிடைத்த நேரம் ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடம். பதினேழு ஆண்டு வாழ்க்கைக்குப் பன்னிரண்டு நிமிடம் என்பதை இன்றும் என்னால் இயல்பாக ஏற்க முடியவில்லை. ஆனால் வேலை அப்படித்தான் நடந்தது.

பட்டியலில் முதலில் திருத்த வேண்டியது மேலே அல்ல, அடியில் இருக்கிறது. ஆஸ்டின் உங்கள் மகளுக்குப் பாதுகாப்புக் கல்லூரி, அதாவது நிச்சயம் கிடைக்கும் என்று நம்பக்கூடிய கல்லூரி, இல்லை. டெக்சஸ் சட்டமன்றம் 1997-இல் இயற்றிய சட்டப்படி, பள்ளியில் முதல் பத்து சதவீதத்துக்குள் வருபவர்களுக்கு மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்கள் தாமாகவே இடம் தர வேண்டும். ஆஸ்டினுக்கு மட்டும் விலக்கு உண்டு. தானாகச் சேருபவர்கள் மாநில மாணவர்களுக்கான இடங்களில் 75 சதவீதத்தைத் தாண்ட வேண்டியதில்லை என்று 2009-இல் திருத்தம் வந்தது. அதனால் அங்கே வரம்பு குறைந்துகொண்டே வந்து, சில ஆண்டுகள் ஆறு சதவீதத்தில் நின்று, 2026-இல் சேருபவர்களுக்கு ஐந்து சதவீதம் ஆகிவிட்டது. 640 பேரில் ஐந்து சதவீதம் என்றால் 32 பேர். உங்கள் மகள் 41. ஒன்பது பேர்தான் இடையில், ஆனால் அந்தக் கோட்டின் இந்தப் பக்கம் நிற்பவர்கள் மிஞ்சும் கால்பங்கு இடங்களுக்குத்தான் போட்டியிட வேண்டும்.

அந்தக் கோட்டைத் தாண்டினாலும் கிடைப்பது பல்கலைக்கழகத்தில் இடம்தான், கேட்ட பாடப்பிரிவு அல்ல. கணினி அறிவியலுக்குத் தனியாகத் தேர்வு செய்வார்கள். முதல் மூன்று சதவீதத்தில் இருந்த பிள்ளைக்கு ஆஸ்டினில் இடம் வந்து, கணினி அறிவியல் வராமல், இரண்டாவதாகக் குறித்த பாடம் வந்ததை என் பள்ளியில் ஒருமுறை அல்ல, பலமுறை பார்த்திருக்கிறேன். பெற்றோர் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வருவார்கள். வாழ்த்துவதா, ஆறுதல் சொல்வதா என்று தெரியாமல் நான் திகைப்பேன்.

இந்த ஆண்டுகளில் நான் கற்றதில் முக்கியமானது இதுதான்: கல்லூரியின் பெயரை வைத்து "எட்டும், எட்டாது" என்று சொல்ல முடியாது. எந்தப் பாடப்பிரிவு, எந்த மாநிலத்திலிருந்து, எந்த விசாவில் என்ற மூன்றையும் சேர்த்தால்தான் ஒரு கல்லூரி உங்கள் மகளுக்கு எட்டுமா என்று தெரியும். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெயின் வளாகம் பத்துப் பேர் விண்ணப்பித்தால் ஏறக்குறைய நான்கு பேரைச் சேர்த்துக்கொள்ளும் இடம். அதே வளாகத்தில் கணினி அறிவியலுக்குப் பத்தில் ஒருவருக்குக்கூடக் கிடைப்பதில்லை. ஒரே வாசல்தான், உள்ளே இரண்டு வேறு வீடுகள். தரவரிசைப் பட்டியல்களில் உள்ள மொத்தச் சேர்க்கை விகிதத்தை வைத்து முடிவெடுப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

விசா விஷயத்தை நீங்கள் கேள்வியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. மகள் எச்4 விசாவில் (எச்1பி வைத்திருப்பவரைச் சார்ந்தவர்களுக்கான விசா) இருக்கிறாள் என்றால், ஏழு வயதிலிருந்து இங்கேயே படித்திருந்தாலும், பெரும்பாலான தனியார் கல்லூரிகள் அவளை வெளிநாட்டு மாணவி என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளும். எம்ஐடி இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது: எங்கே வசிக்கிறீர்கள், எங்கே படித்தீர்கள் என்பது பொருட்டல்ல, குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ இல்லையென்றால் வெளிநாட்டு விண்ணப்பதாரர்தான். அங்கே அந்தப் பிரிவில் சேர்க்கை விகிதம் ஏறக்குறைய 2 சதவீதம். கூட்டாட்சி அரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்ஸா வழியும் எச்4 மாணவர்களுக்கு இல்லை.

இதில் ஒரு விநோதம் உண்டு. ஹார்வர்டு, பிரின்ஸ்டன், எம்ஐடி மூன்றும் வெளிநாட்டு மாணவர்கள் உதவித்தொகை கேட்கிறார்களா என்று பார்க்காமல் தேர்வு செய்து, சேர்ந்தபின் தேவை முழுவதையும் ஈடுகட்டுகின்றன. ஸ்டான்ஃபோர்டும் கார்னெலும் வெளிநாட்டு மாணவர் விஷயத்தில் உதவி கேட்கிறாரா என்பதையும் பார்த்தே முடிவு செய்கின்றன. கார்னெகி மெலன் வெளிநாட்டு மாணவர்களுக்கு நிதியுதவியே தருவதில்லை. ஆக உங்கள் ஏழு பெயர்களில் நுழைவதற்கு மிகக் கடினமானவற்றில் சில, நுழைந்துவிட்டால் கட்டணத்தில் மிகக் கனிவானவை. மற்றவற்றில் இடம் கிடைத்தாலும் முழுத் தொகையையும் கட்ட முடியுமா என்று வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். முடிவுகள் வந்தபின் ஏப்ரலில் பேசினால் அந்தப் பேச்சு கண்ணீரில் முடியும்.

பெர்க்லி பற்றி ஒரு வார்த்தை. கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் எஸ்ஏடி மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. மகளின் 1540 அங்கே இடம் பெற உதவாது. வெளிமாநிலத்தவருக்கான கூடுதல் கட்டணத்தோடு ஆண்டுச் செலவு 80,000 டாலருக்கு மேல் வரும். மாணவியின் உள்ளம் கலிபோர்னியாவில்தான் இருக்கிறது என்றால் தவிர, இந்தப் பெயரை நான் எடுத்துவிடுவேன்.

இனி 1540 பற்றி. நல்ல மதிப்பெண். எஸ்ஏடியைக் கேட்கும் மிகத் தேர்ந்த கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் நடுப்பாதிப் பேரின் மதிப்பெண் பெரும்பாலும் 1500-க்கும் 1580-க்கும் இடையே இருக்கும். மகள் அதற்குள் வருகிறாள். ஆனால் அந்த எல்லை சொல்வது அவள் கோப்பு மதிப்பெண்ணைக் காட்டி ஒதுக்கப்படாது என்பதை மட்டுமே. 2023-இல் சேருவதற்கு ஹார்வர்டுக்கு விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 57,000 பேர், இடம் பெற்றவர்கள் இரண்டாயிரத்துக்கும் குறைவு. அமெரிக்காவில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் முதல் மாணவர் ஒருவர் இருக்கிறார். சேர்க்கை விகிதம் பதினைந்து சதவீதத்துக்குக் கீழே இருக்கும் எந்தக் கல்லூரியும் யாருக்கும், 1600 வாங்கியவருக்கும், "டார்கெட்" (கிடைக்க நியாயமான வாய்ப்புள்ள கல்லூரி) ஆகாது. எல்லோருக்கும் அது "ரீச்" (கிடைப்பது அரிதான கல்லூரி) தான். நான் கைக்கொண்ட விதி இது. ஆலோசகர்களில் சிலர் இருபது என்பார்கள். அதற்காக நான் சண்டை போடுவதில்லை.

இந்த இடத்தில் கணக்குத் தெரிந்த தந்தையர் ஒரு வாதத்தோடு வருவார்கள். ஒவ்வொரு கல்லூரியிலும் 4 சதவீத வாய்ப்பு என்றால், ஏழு கல்லூரிகளில் குறைந்தது ஒன்றிலாவது கிடைக்க 25 சதவீத வாய்ப்பு இருக்கிறதே, பதினைந்து கல்லூரிகளுக்குப் போட்டால் 46 ஆகுமே என்பார்கள். பெருக்கல் சரி. ஆனால் அது நாணயத்தைச் சுண்டுவதற்கான கணக்கு. இங்கே ஏழு இடங்களுக்கும் போவது ஒரே மதிப்பெண் பட்டியல், அதே ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், அதே முதன்மைக் கட்டுரை. ஓரிடத்தில் எடுபடாத கோப்பு மற்ற இடங்களிலும் பெரும்பாலும் அதே காரணத்தால் எடுபடாமல் போகும். போதாததற்கு, வெளியிடப்படும் விகிதத்தில் விளையாட்டு வீரர்களும், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளும், பெரும் நன்கொடையாளர் வீட்டுப் பிள்ளைகளும் அடக்கம். அவர்களைக் கழித்துவிட்டால் மற்றவர்களுக்கான விகிதம் இன்னும் இறங்கும்.

என் பள்ளியில் ஒரு பையன் இருந்தான். கணிதத்தில் எங்கள் ஆசிரியர்களையே திணறடிப்பவன். பதினான்கு கல்லூரிகளுக்குப் போட்டான், பதின்மூன்று உங்கள் பட்டியலைப் போன்றவை. பதினான்காவது, "போட்டால்தான் கையெழுத்து" என்று நான் பிடிவாதம் பிடித்ததால் போட்ட அரசுப் பல்கலைக்கழகம். மார்ச் கடைசியில் பதினோரு மறுப்பும் இரண்டு காத்திருப்புப் பட்டியலும் வந்தன. அந்தப் பதினான்காவது இடத்தை அவன் ஒருமுறைகூடப் போய்ப் பார்த்ததில்லை. அங்கே சேர்ந்து நன்றாகவே படித்தான். ஆனால் முதல் ஆண்டு முழுவதும் தோற்றவனைப் போலவே நடந்தான் என்று அவன் அம்மா பிறகு சொன்னார். தவறு அவனுடையதல்ல. பட்டியலை மேலிருந்து கட்டவிட்டது நான்தான்.

அதன்பிறகு எந்தப் பிள்ளையிடமும் அடியிலிருந்துதான் தொடங்குவேன். உங்கள் மகளின் விஷயத்தில் முதல் வேலை, நிச்சயம் கிடைக்கக்கூடிய, கட்டணம் கட்டக்கூடிய, அவள் முகம் சுளிக்காமல் போகக்கூடிய இரண்டு இடங்களைக் கண்டுபிடிப்பது. 41-வது இடம் என்பது 6.4 சதவீதம், ஆகவே பத்து சதவீதச் சட்டம் அவளுக்குக் கைகொடுக்கிறது. டாலஸில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழக வளாகம் கணினி அறிவியலுக்கு வலுவான இடம். நம்மவர்கள் பக்கத்திலேயே இருப்பதால் மட்டம் தட்டுகிறார்கள், வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதையாக. அங்குள்ள தகுதி உதவித்தொகைக்கும் ஹானர்ஸ் பிரிவுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். பாடப்பிரிவுக்குத் தனி நிபந்தனை இருக்கிறதா என்று அந்த ஆண்டுக்கான அறிவிப்பில் பாருங்கள். இரண்டாவது டெக்சஸ் ஏ அண்டு எம். பல்கலைக்கழக இடம் சட்டப்படி உறுதி, ஆனால் பொறியியல் பிரிவு தனியாகப் பரிசீலிக்கிறது, இடங்கள் நிரம்பியும்விடும். உள்ளே போனபின் முதலாண்டு பொதுப் பொறியியலாக இருக்கும், அந்த ஆண்டு மதிப்பெண்ணைப் பொறுத்தே துறை கிடைக்கும். இது சிலருக்குப் பிடிக்கும், சிலரைத் தூங்கவிடாது. எச்4 பிள்ளைகள் டெக்சஸில் உள்ளூர்க் கட்டணத்துக்கான வதிவிடத் தகுதி பெற முடியும் என்பது உங்களுக்குப் பெரிய அனுகூலம். அந்தப் படிவத்தை அலட்சியமாக நிரப்பாதீர்கள்.

நடுப்பகுதிதான் உங்கள் பட்டியலில் வெறுமையாக இருக்கிறது. அங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஆஸ்டினை நான் இங்கே, மேல் விளிம்பில் வைப்பேன். பர்டியூவைப் பாருங்கள். 2013 முதல் கல்விக் கட்டணத்தை உயர்த்தாமல் வைத்திருக்கும் அரசுப் பல்கலைக்கழகம் அது, ஆனால் கணினி அறிவியலுக்கு அங்கும் போட்டி கடுமை. ஒஹாயோ ஸ்டேட், வர்ஜீனியா டெக், மினசோட்டா ஆகியவற்றையும் ஆராயலாம். தனியாரில் கேஸ் வெஸ்டர்ன், ரோசெஸ்டர், ரென்சலேர், இந்தியானாவில் உள்ள ரோஸ்-ஹல்மன். ரோஸ்-ஹல்மனின் பெயரை நம் வீட்டு விருந்துகளில் யாரும் சொல்ல மாட்டார்கள். இளநிலைப் பொறியியலில் அதற்கு இருக்கும் மதிப்பு துறைக்குள் இருப்பவர்களுக்குத் தெரியும். தனியார் கல்லூரிகளில் சில குடியுரிமை பார்க்காமல் தகுதி உதவித்தொகை தருகின்றன. எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இவற்றை ஒப்பிடக் கட்டணம் வாங்கும் ஆலோசகர் தேவையில்லை. பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் காமன் டேட்டா செட் என்ற ஆவணத்தை வெளியிடுகின்றன. கல்லூரியின் பெயரோடு அந்தச் சொல்லையும் சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் சி1 பகுதியில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பது இருக்கும். சி7-இல் தரவரிசை, கட்டுரை, பரிந்துரை, கல்லூரி மீது காட்டும் ஆர்வம் ஆகியவற்றுக்கு அவர்கள் தரும் எடை. சி9-இல் மதிப்பெண் எல்லைகள். இதில் ஒரு பொறி உண்டு: எஸ்ஏடி கட்டாயமில்லாத கல்லூரிகளில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் மட்டுமே அதை அனுப்புவதால் அந்த எல்லை உயர்ந்து தெரியும். எச்6 பகுதியைக் கட்டாயம் திறந்து பாருங்கள், வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவி உண்டா, சராசரியாக எவ்வளவு என்பது அங்கே இருக்கிறது. இதற்கு அடுத்தபடியாக, பள்ளிகள் பயன்படுத்தும் நேவியன்ஸ் அல்லது ஸ்கோயர் என்ற மென்பொருள் வழியாக உங்கள் பள்ளியின் முந்தைய ஆண்டு முடிவுகளைப் பாருங்கள். நாட்டின் சராசரியைவிட உங்கள் பள்ளியிலிருந்து கடந்த நான்கு ஆண்டுகளில் யார் எங்கே போனார்கள் என்பது உங்களுக்கு அதிகம் சொல்லும். ஆனால் அதிலும் பாடப்பிரிவும் விசாவும் தெரியாது.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் சட்டம், எண், வெளியான விதி. இனி வருபவற்றில் எனக்கு அந்த அளவு உறுதி கிடையாது. முன்கூட்டியே கட்டுப்பட்டு விண்ணப்பிக்கும் எர்லி டிசிஷன் உதவுமா? அந்தச் சுற்றின் சேர்க்கை விகிதம் உயர்ந்து தெரிவது உண்மை. அதில் எவ்வளவு பங்கு விளையாட்டு வீரர்களாலும் முன்னாள் மாணவர் பிள்ளைகளாலும் வந்தது என்பதை வெளியிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. ஓரளவு உதவும் என்பது என் கணிப்பு. கட்டணம் ஒப்பிட வேண்டிய குடும்பத்துக்கு அது பொருந்தாது என்பது மட்டும் கணிப்பல்ல. ஆசியப் பிள்ளைகளுக்குப் பாதகம் உண்டா என்ற கேள்வியும் எழும். 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இன அடிப்படையைப் பார்க்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அதற்கு அடுத்து நடந்த முதல் சேர்க்கையில் எம்ஐடியில் ஆசிய அமெரிக்கர் பங்கு 40-இலிருந்து 47 சதவீதமாக ஏறியது. அதே ஆண்டு யேலில் 30-இலிருந்து 24 ஆக இறங்கியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு உறுதியாகப் பேசுபவரை நான் நம்புவதில்லை.

கோப்பு வாசித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம், சற்றுக் கசக்கும். ரோபாட்டிக்ஸும் வயலினும் சேர்ந்த விண்ணப்பங்கள் நம் சமூகத்திலிருந்து கட்டுக்கட்டாக வரும். கோடையில் பாட்டி ஊருக்குப் போய் வறுமையைக் கண்டு மனம் திறந்த கட்டுரையும் அப்படியே. அவை மோசமானவை அல்ல, ஆறாவதை வாசிக்கும்போது முதல் ஐந்திலிருந்து பிரித்தறிய முடியாது, அவ்வளவுதான். என் நினைவில் நின்ற ஒரு கோப்பு, உள்ளூர் நூலகத்தில் பழுதாகிக் கிடந்த அச்சுப்பொறிகளை ஒவ்வொரு சனிக்கிழமையும் பிரித்துப் பிரித்துச் சரிசெய்த ஒரு பெண்ணுடையது. பதக்கம் எதுவும் இல்லை. அவளுக்கு எங்கள் குழு இடம் தந்ததா என்றால், தரவில்லை. நான் பரிந்துரைத்தேன், மேலே வேறு முடிவு ஆனது. ஒரே கோப்பை இரண்டு நல்ல வாசகர்கள் இரண்டு விதமாகப் பார்ப்பார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். இடம் கிடைக்கும், அவளுக்கு நல்ல இடமே கிடைக்கும். பெயர் பெற்ற கல்லூரிக்குப் போகாவிட்டால் வாழ்க்கை சுருங்கிவிடுமா என்பதைப் பொருளியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரே மாதிரித் தகுதியுள்ள பிள்ளைகளை ஒப்பிட்டால் சராசரி வருமானத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்று டேல், குரூகர் இருவரும் 2002-இல் எழுதினார்கள். செட்டி, டெமிங், ஃப்ரீட்மன் மூவரும் 2023-இல் வெளியிட்ட ஆய்வும் சராசரி பற்றி ஏறக்குறைய அதையே சொல்கிறது. ஆனால் வருமானத்தின் உச்சியில் உள்ள ஒரு சதவீதத்தை எட்டும் வாய்ப்பு அந்தச் சில கல்லூரிகளால் குறிப்பிடத்தக்க அளவு கூடுகிறது என்றும் சொல்கிறது. ஆகவே ஹார்வர்டுக்குப் போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஏழில் மூன்றோ நான்கோ வைத்துக்கொள்ளுங்கள், மகள் தேர்ந்தெடுக்கட்டும். உதவித்தொகை தேவை என்றால் பிரின்ஸ்டன், எம்ஐடி, ஹார்வர்டு என்ற வரிசை அர்த்தமுள்ளது.

தேதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும், அதில் இருபது கல்லூரிகளுக்கு மேல் சேர்க்க முடியாது. ஆஸ்டினின் முன்கூட்டிய சுற்றுக்கும் ஏ அண்டு எம் பொறியியலின் முன்கூட்டிய சுற்றுக்கும் அண்மைய ஆண்டுகளில் கெடு அக்டோபர் 15. முன்கூட்டிய சுற்றில் ஹார்வர்டையோ பிரின்ஸ்டனையோ தேர்ந்தால் வேறு தனியார் கல்லூரிக்கு முன்கூட்டிப் போட முடியாது, அரசுப் பல்கலைக்கழகங்களுக்குத் தடையில்லை. விசாவைப் பொறுத்தவரை 21 வயதில் எச்4 முடிந்துவிடும், படிப்பின் நடுவில் எஃப்1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டிவரலாம். அது குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்க வேண்டியது, என்னிடம் அல்ல.

பதினொன்றாம் வகுப்பு முடிந்தபின் கணக்கிடும் தரவரிசையைத்தான் இந்த விண்ணப்பங்களில் பெரும்பாலும் பயன்படுத்துவார்கள். ஜூனில் அது வந்ததும் இங்கேயே எழுதுங்கள். 32-க்குள் வந்துவிட்டால் மேலே சொன்னதில் பாதியை நான் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குள் மகளை ஒரு சனிக்கிழமை டாலஸ் வளாகத்துக்கு அழைத்துப் போய்வாருங்கள். நீங்கள் காரிலேயே இருங்கள், அவள் மட்டும் சுற்றிப் பார்த்து வரட்டும்.